இடுப்பெலும்பை எடுத்து ஈறுப் பிளவில் வைக்கும் அறுவைச் சிகிச்சை: மரப்பு மருந்து வலியை எவ்வளவு குறைக்கும்?

கரூர் அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இப்போது 10 வயது. எடை 28 கிலோ. பிறக்கும்போதே மேலுதட்டிலும் அண்ணத்திலும் இடது பக்கம் பிளவு இருந்தது. உதட்டுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதும், அண்ணத்துக்கு ஒரு வயதுக்குப் பிறகும் அறுவைச் சிகிச்சை முடிந்தது. மேல் ஈறில் உள்ள பிளவை இனி எலும்பு வைத்து நிரப்ப வேண்டும் என்றும், அதற்கான எலும்பை அவளுடைய இடுப்பிலிருந்தே எடுப்போம் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். கோரைப்பல் இறங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும் என்பதால் அடுத்த மாதத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

வாயில் நடக்கும் சிகிச்சையைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. இரண்டு முறை பார்த்துவிட்டோம். இடுப்பைப் பற்றித்தான் பயம். எங்களுக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு இதே சிகிச்சை நடந்தபோது, வாய்வலியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதவன் இடுப்புவலி தாங்காமல் ஒரு வாரம் காலை ஊன்றவே மறுத்துவிட்டானாம். இதைக் கேட்டபோது, "எலும்பு எடுத்த இடத்தில் மரப்பு மருந்து வைத்துவிட்டுத்தான் தைப்போம், கவலைப்படாதீர்கள்" என்று மருத்துவர் சொன்னார். அன்று கூட்டம் அதிகமாக இருந்ததால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை.

மயக்கத்தில்தானே சிகிச்சை செய்கிறார்கள், பிறகு எதற்குத் தனியாக மரப்பு மருந்து? அதன் பலன் எத்தனை மணி நேரம் இருக்கும்? அது தீர்ந்த பிறகு என்ன செய்வது? அந்த மருந்தினால் குழந்தைக்கு ஆபத்து ஏதும் உண்டா? அனுபவம் உள்ளவர்களும் மருத்துவம் தெரிந்தவர்களும் விளக்கமாகச் சொன்னால் நிம்மதியாக இருக்கும்.

திண்டுக்கல் அப்பா எழுதியது:

வணக்கம் சகோதரி. என் மகனுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், அவனுடைய 11-ஆவது வயதில், இதே சிகிச்சை நடந்தது. எங்களுக்கு நேர்ந்ததை அப்படியே எழுதுகிறேன். அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

காலை ஒன்பது மணிக்குத் தியேட்டருக்குள் அழைத்துப்போனார்கள்; மதியம் ஒரு மணிக்கு வார்டுக்கு வந்துவிட்டான். மாலையில் குளிர்ந்த பால் குடித்தான். ஆறரை மணி இருக்கும், என் தோளைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைவரை நடந்தே போனான். இடுப்பில் வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "அங்கே ஒன்றுமே தெரியவில்லை அப்பா, வேறு யாருடைய இடுப்பு மாதிரியோ இருக்கிறது" என்றான். இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம் என்று நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எட்டு மணிக்கு வலி சிரப் கொடுக்க வேண்டியிருந்தது. பிள்ளை அயர்ந்து தூங்குகிறான், வலியும் இல்லை, எழுப்ப வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம். பணியில் இருந்தவர்களும் சரி என்று விட்டுவிட்டார்கள்.

இரவு ஒரு மணிக்கு அலறிக்கொண்டு எழுந்தான். வலது காலை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. அந்த நேரத்தில் மருத்துவரை அழைத்து, ஊசி எழுதி வாங்கி, அது ஏறி அவன் அடங்குவதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. மரப்பு மருந்து அன்று தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதன் வேலை முடியும் நேரத்துக்கு அடுத்த மருந்து தயாராக இல்லை என்பதே குறை. வலி தொடங்கிய பிறகு கொடுக்கும் சிரப்பும், தொடங்குவதற்கு முன் கொடுத்த சிரப்பும் ஒன்றல்ல என்பதை அன்று இரவு தெரிந்துகொண்டேன்.

இன்னும் இரண்டு சிறு விஷயங்கள். தையல் இருக்கும் இடமும் கால்சட்டையின் எலாஸ்டிக் பட்டை உட்காரும் இடமும் ஒன்றேதான். அவனுக்கு முதல் வாரம் முழுவதும் வேட்டியைத் தளர்வாகச் சுற்றிவிட்டோம். உங்கள் மகளுக்குப் பாவாடை நாடா கட்டவே கட்டாதீர்கள்; தோளிலிருந்து தொங்கும் கவுன் போதும். அடுத்தது, தரையில் குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை. அதில் உட்கார்ந்து எழும்போதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது. வீட்டில் மேல்நாட்டுக் கழிப்பறை இல்லையென்றால், நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்றை வாடகைக்காவது வாங்கி வைத்துவிடுங்கள். நான்காம் நாள் தாங்கித் தாங்கி நடந்தான். இரண்டாவது வாரக் கடைசியில் பள்ளிக்குப் போனான்.

மயக்கவியல் மருத்துவர் எழுதியது:

அம்மா, உங்கள் கேள்விகள் எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள். நான் குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சைகளில் மயக்கம் கொடுக்கும் மருத்துவர். பொதுவான விளக்கமாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்கான அளவையும் முறையையும் அவளை நேரில் பரிசோதிக்கும் மயக்கவியல் மருத்துவரே முடிவு செய்வார்.

முழு மயக்கம் கொடுக்கும்போது மூளை தூங்குகிறது. இடுப்பிலிருந்து புறப்படும் வலிச் செய்திகள் நிற்பதில்லை. அவை தண்டுவடத்தைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. குழந்தை விழிக்கும்போது அத்தனையும் சேர்ந்து காத்திருக்கும். மரப்பு மருந்து அந்தச் செய்தியைப் புறப்படும் இடத்திலேயே நிறுத்துகிறது. நரம்பிழையின் சவ்வில் சோடியம் அயனிகள் உள்ளே நுழைவதற்கான வாயில்கள் உண்டு. அவை திறந்து மூடுவதால்தான் செய்தி நகர்கிறது. மருந்து அந்த வாயில்களை உள்ளிருந்து அடைத்துவிடும். மருந்து கரைந்து இரத்தத்தோடு போகப் போக வாயில்கள் மறுபடி திறந்து, உணர்ச்சி பழையபடி திரும்பிவிடும். நரம்புக்குச் சேதம் எதுவும் இல்லை.

இடுப்பு ஏன் இப்படி வலிக்கிறது என்பதையும் சொல்கிறேன். எலும்பைப் போர்த்தியிருக்கும் எலும்புறை நரம்புகள் அடர்ந்த சவ்வு. இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் அந்த உறையை விலக்கித்தான் உள்ளே போக வேண்டும். வயிற்றுப் பக்கவாட்டுத் தசைகளும் தொடையையும் புட்டத்தையும் அசைக்கும் தசைகளும் அந்த விளிம்பில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால் நடந்தாலும், இருமினாலும், படுக்கையிலிருந்து எழுந்தாலும் அந்த இடம் இழுபடுகிறது. வாயில் எலும்பு வைத்த இடமோ அசையாமல் ஈறுக்குள் மூடிக் கிடக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் இடுப்பைப் பற்றி மட்டுமே முறையிடுவதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு அதிகமாகப் பயன்படுவது பியூபிவகெயின். 1957-இல் சுவீடனில் உருவாக்கப்பட்டது. பல் மருத்துவர் போடும் லிக்னோகெயின் சில நிமிடங்களில் வேலை செய்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் விலகிவிடும். பியூபிவகெயின் சற்றுத் தாமதமாகத் தொடங்கினாலும், தசையிலும் தோலுக்கடியிலும் போட்டால் பொதுவாக நான்கிலிருந்து எட்டு மணி நேரம் நிற்கும். சிலருக்கு அதற்கும் மேல். காலை பத்து மணிக்குப் போட்ட மருந்து மாலையிலோ முன்னிரவிலோ தீரும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். திண்டுக்கல் அப்பா எழுதிய அந்த இரவு எல்லா மருத்துவமனைகளிலும் நடக்கக்கூடியது. மரப்பு நீங்கும்போது வலி படிப்படியாக ஏறாமல் ஒரேயடியாக எழும்புவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். எனவே மரப்பு இருக்கும்போதே பாராசிட்டமாலைத் தொடங்கி, பிள்ளை தூங்கினாலும் எழுப்பி, கடிகாரத்தைப் பார்த்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை முதல் இரண்டு நாட்களாவது கொடுக்க வேண்டும்.

மருந்தைச் செலுத்தும் வழிகள் பல. தோலைக் கீறும் முன்னும் தைக்கும் முன்னும் சுற்றியுள்ள தசையிலும் எலும்புறையிலும் ஊசியாகப் போடுவது எளிய வழி. எலும்பு எடுத்த குழிக்குள், இரத்தக் கசிவை நிறுத்த வைக்கும் ஜெலட்டின் பஞ்சை அந்த மருந்தில் நனைத்து வைப்பது இன்னொரு வழி. உங்கள் மருத்துவர் சொன்னது இதுவாக இருக்கலாம். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, ஓரிரு நாட்கள் வெளியிலிருந்து சிறிது சிறிதாக மருந்து செலுத்துவதும் உண்டு. அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்த்தபடி, வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு இடையிலோ முதுகின் பக்கவாட்டிலோ மருந்தைச் செலுத்தி, இடுப்பு விளிம்பின் மேல் கடந்துபோகும் நரம்புகளை மரக்கச் செய்வது அண்மைக்காலத்தில் பரவியிருக்கும் முறை. எந்த வழியானாலும், மருந்து வைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு முதல் நாளில் மார்ஃபின் வகையைச் சேர்ந்த வலுவான வலி மருந்துகளின் தேவை குறைகிறது என்பதே பொதுவான அனுபவம். குழாய் வழியாகத் தொடர்ந்து கொடுப்பதில் மட்டும் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் நல்ல பலன் தெரிந்தது. சிலவற்றில், முக்கியமாகப் பெரியவர்களுக்குச் செய்த முதுகெலும்பு அறுவைகளில், வெறும் உப்புநீர் செலுத்தப்பட்டவர்களுக்கும் மருந்து செலுத்தப்பட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு பக்கப் பிளவுக்குச் சிறிதளவு எலும்பு எடுக்கும்போது, நேரத்தோடு கொடுக்கும் சிரப்புடன் ஊசியோ பஞ்சோ பெரும்பாலும் போதும் என்பது என் கருத்து.

இனி ஆபத்தைப் பற்றி. இதை மறைத்துப் பேசக் கூடாது. பியூபிவகெயின் அளவுக்கு மீறினாலோ, தவறுதலாக இரத்தக் குழாய்க்குள் போனாலோ, மூளையையும் இதயத்தையும் தாக்கும். விழித்திருப்பவருக்கு முதலில் வாயைச் சுற்றிச் சுறுசுறுவென்று இருக்கும், நாக்கில் உலோகச் சுவை தெரியும், காது இரையும். பிறகு வலிப்பு வரலாம், இதயத்துடிப்பு குலையலாம். மயக்கத்தில் இருக்கும் குழந்தை இந்த முதல் அறிகுறிகளைச் சொல்ல முடியாது. இந்த மருந்தோடு சேர்ந்து வந்த இதய நிறுத்தங்களைச் சுட்டிக்காட்டி 1979-இல் ஜார்ஜ் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய தலையங்கம் உலகம் முழுவதும் பழக்கத்தை மாற்றியது. அளவை எடைக்கு ஏற்பக் கணக்கிடுவது, ஊசியைப் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பது, மொத்தமாகச் செலுத்தாமல் சிறிது சிறிதாகச் செலுத்துவது ஆகியவை இன்று கட்டாயம். கொழுப்புக் குழம்பு என்னும், இரத்தக் குழாய் வழியே ஏற்றும் முறிவு மருந்து இந்த நச்சுத்தன்மையிலிருந்து இதயத்தைக் காக்கும் என்பதை 1998-இல் கை வைன்பெர்க் என்ற மருத்துவர் எலிகளில் காட்டினார். 2006-இல் மனிதர் ஒருவர் அதனால் காப்பாற்றப்பட்ட செய்தி வெளியானது. 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு இன்று தியேட்டரில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டிய பொருள்.

உங்கள் மகளின் எடையை வைத்தே கணக்கைக் காட்டுகிறேன். கிலோவுக்கு இரண்டரை மில்லிகிராம் என்பது வழக்கமான உச்ச வரம்பு. 28 கிலோவுக்கு 70 மி.கி. வரும். 0.25 சதவீத மருந்தில் ஒரு மி.லி.யில் 2.5 மி.கி. இருப்பதால் இது 28 மி.லி.; 0.5 சதவீத மருந்தானால் 14 மி.லி. மட்டுமே. இடுப்புக்கு இந்த உச்சம் தேவைப்படுவதே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரத்தக் கசிவைக் குறைக்க வாயிலும் லிக்னோகெயினும் அட்ரினலினும் கலந்த ஊசி போடுவார்கள். வாயில் போட்டதும் இடுப்பில் போட்டதும் ஒரே உடம்புக்குள் போகின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். வாயில் ஒரு மருத்துவரும் இடுப்பில் இன்னொருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் தியேட்டரில் இந்தக் கூட்டுக் கணக்கை வைத்திருப்பது மயக்கவியல் மருத்துவரின் பொறுப்பு. மருந்தை ஊசிக்குள் எடுப்பதற்கு முன்பே நான் மொத்த அளவைப் பலகையில் எழுதிவிடுவேன்.

கரூர் அம்மா எழுதியது:

மருத்துவர் ஐயாவுக்கும் திண்டுக்கல் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. நாற்காலி விஷயம் எனக்குத் தோன்றியே இருக்காது. எங்கள் வீட்டில் பழைய வகைக் கழிப்பறைதான்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். மரப்பு மருந்து எலும்பு வளர்ச்சியைத் தடுக்கும், வைத்த எலும்பு ஒட்டாமல் போய்விடும் என்று என் உறவினர் ஒருவர் சொல்கிறார்; அதில் உண்மை உண்டா? மேலும், வீட்டுக்கு அனுப்பும்போது டிரமடால் என்று ஒரு வலி மருந்து எழுதிக் கொடுப்பார்கள் என்றும் சொல்கிறார்கள். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

மயக்கவியல் மருத்துவர் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கோடீன் என்ற மருந்தையும் வலிக்காக டிரமடாலையும் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் அறிவித்தது. சிலருடைய கல்லீரல் இந்த மருந்துகளை மிக வேகமாக வீரியமுள்ள பொருளாக மாற்றிவிடும்; அப்போது மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகலாம். யாருடைய கல்லீரல் அப்படிப்பட்டது என்பது பார்த்துத் தெரிவதில்லை. வார்டில், மூச்சையும் ஆக்சிஜனையும் கவனித்தபடி சிறிய அளவில் கொடுக்கும் மார்ஃபினோ ஃபென்டனிலோ வேறு விஷயம். அதற்கு நீங்கள் தயங்க வேண்டாம். வீட்டுக்கு எழுதும் சீட்டில் டிரமடால் இருந்தால், "குழந்தைக்குப் பத்து வயதுதான், வேறு ஏதாவது எழுத முடியுமா" என்று நேராகக் கேளுங்கள்.

முகத்தாடை அறுவை மருத்துவர் எழுதியது:

முதல் கேள்வி என் துறையைச் சேர்ந்தது. உங்கள் உறவினர் சொல்வது முற்றிலும் ஆதாரமற்றதும் அல்ல, உங்கள் மகளுக்குப் பொருந்துவதும் அல்ல. ஆய்வகத்தில் செல்களை வளர்த்து அவற்றின்மேல் அடர்த்தியான மரப்பு மருந்தை ஊற்றினால் குருத்தெலும்புச் செல்களும் எலும்புச் செல்களும் பாதிக்கப்படுகின்றன. மனிதர்களிடமும் ஒரு சூழலில் இது நடந்தது. தோள்மூட்டு அறுவைக்குப் பிறகு மூட்டுக்குள்ளேயே குழாய் வைத்து இரண்டு மூன்று நாட்கள் பியூபிவகெயின் செலுத்தப்பட்ட சிலருக்கு மூட்டின் குருத்தெலும்பு அழிந்துபோனது. இதைப் பற்றி 2009-இல் அமெரிக்காவில் அதிகாரப்பூர்வமான எச்சரிக்கையும் வந்தது. மூட்டுக்குள் தொடர்ந்து செலுத்துவது வேறு. உங்கள் மகளுக்குச் செய்யப்போவது மூட்டுக்கு வெளியே, எலும்பு எடுத்த குழியில் ஒரு முறை வைப்பது.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் முதலில் எலும்பை எடுத்து ஒரு கிண்ணத்தில், அவளுடைய இரத்தத்திலோ உப்புநீரிலோ நனைத்த துணியின்கீழ் வைத்துவிடுகிறோம். மருந்து நனைத்த பஞ்சு அதற்குப் பிறகுதான் குழிக்குள் போகிறது. ஈறுப் பிளவில் வைக்கப்படும் எலும்பைப் பஞ்சில் இருக்கும் மருந்து தொடுவதே இல்லை. இடுப்பில் உள்ள குழி தானாகவே நிரம்பிவிடும்.

வைத்த எலும்பு நிலைப்பதும் கரைவதும் வேறு காரணங்களைப் பொறுத்தவை. கோரைப்பல்லின் வேர் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வளர்ந்திருக்கும் பருவமே இதற்குச் சிறந்த காலம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ஒன்பதிலிருந்து பதினொரு வயதுக்குள் வரும். 1972-இல் பாயின், சேண்ட்ஸ் என்ற இருவர் இந்தப் பருவத்தில் இடுப்பெலும்பு வைக்கும் முறையை எழுதியதிலிருந்து உலகெங்கும் இதுவே பின்பற்றப்படுகிறது. அந்தக் கோரைப்பல் புதிய எலும்புக்குள் இறங்கும்போது எலும்புக்கும் உயிர் கிடைக்கிறது. மற்றபடி ஈறு இடைவெளியின்றி மூடியிருக்க வேண்டும், தொற்று வரக் கூடாது, வாய் சுத்தமாக இருக்க வேண்டும். சிகிச்சைக்கு முன்பே சொத்தைப் பற்களைச் சரிசெய்துவிடுங்கள். பிறகு சில வாரங்களுக்கு முறுக்கு, கடலைமிட்டாய் போன்ற எதையும் முன்பற்களால் கடிக்கவிடாதீர்கள்.

வலியைக் குறைப்பதில் மருந்துக்கு இணையான பங்கு கத்திக்கும் உண்டு. ஒரு பக்கப் பிளவுக்கு நமக்குத் தேவை சில மி.லி. அளவு பஞ்சுபோன்ற உள்ளெலும்பு மட்டுமே. இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறலில், பிள்ளைகளுக்கு இடுப்பு விளிம்பின்மேல் இருக்கும் குருத்தெலும்பை ஒரு மூடிபோலத் திறந்து, உள்ளிருப்பதைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, மூடியைத் திரும்ப மூடித் தைத்துவிடலாம். இன்னும் சிறிய துளையிட்டு, உருளை ஊசியால் எடுக்கும் முறையும் உண்டு. தசைகளை எவ்வளவு குறைவாக விலக்குகிறோமோ அவ்வளவு சீக்கிரம் பிள்ளை நடக்கும். பழைய முறையில் தசைகளை இரு பக்கமும் உரித்து எடுத்த காலத்துக் கதைகள்தான் இன்னும் ஊரில் உலவுகின்றன.

தொடையின் வெளிப்பக்கத்தில் சிறிது இடம் மரத்ததுபோல் இருக்கிறது என்று முதல் நாள் அவள் சொன்னால் பயப்பட வேண்டாம், மருந்து பரவியிருக்கலாம். இரண்டு நாள் கழித்தும் அப்படியே இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். அந்த இடத்துக்குப் போகும் தோல் நரம்பு இடுப்பு முன்முனைக்கு அருகில் ஓடுகிறது; அது இழுபட்டிருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். அந்த நரம்பைத் தவிர்க்கத்தான் கீறலை முன்முனையிலிருந்து சற்றுப் பின்தள்ளிப் போடுகிறோம்.

ஓய்வுபெற்ற செவிலியர் எழுதியது:

கண்ணு, மருத்துவர்கள் எல்லாம் சொல்லிவிட்டார்கள். வார்டில் முப்பது ஆண்டுகள் நின்றவள் என்ற முறையில் சிரப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாராசிட்டமால் சிரப் கடையில் ஒரே பெயரில் இரண்டு வீரியத்தில் கிடைக்கும். ஐந்து மி.லி.யில் 120 மி.கி. இருப்பது ஒன்று, 250 மி.கி. இருப்பது இன்னொன்று. கிலோவுக்கு 15 மி.கி. என்றால் உங்கள் பெண்ணுக்கு ஒரு வேளைக்குச் சுமார் 420 மி.கி. 250 வீரியத்தில் அது ஏறத்தாழ எட்டு மி.லி. அதே எட்டு மி.லி.யை 120 வீரியத்தில் கொடுத்தால் பாதி மருந்துகூடப் போகாது. "சிரப் கேட்கவே இல்லை" என்று சொல்லும் பெற்றோர்களில் பலர் இப்படிக் கொடுத்தவர்கள்தான். மறுபக்கம், சில சிரப்களில் ஐபுபுரூஃபென் என்ற இன்னொரு வலி மருந்தும் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். அதையும் கொடுத்து, தனிப் பாராசிட்டமாலையும் கொடுத்தால் அளவு மீறிவிடும், கல்லீரலுக்குக் கெடுதல். அட்டையின் பின்புறத்தைப் படிக்காமல் ஒரு மூடிகூட ஊற்றாதீர்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள், வாயில் தையல் இருக்கும் பிள்ளைக்குக் கன்னத்தின் ஓரமாக விடுவதற்கும் அதுவே வசதி.

வலிக்கிறதா என்று கேட்டால் பிள்ளைகள் ஊசிக்குப் பயந்து இல்லை என்று சொல்லிவிடுவார்கள். சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை ஆறு முகங்கள் வரைந்த அட்டை ஒன்று வார்டில் இருக்கும். அறுவைக்கு முந்தைய நாளே அதைக் கேட்டு வாங்கி, எந்த முகம் எதைக் குறிக்கிறது என்று அவளுக்குப் பழக்கிவிடுங்கள். படுத்திருக்கும்போது ஒரு முறையும், எழுந்து நிற்கும்போது ஒரு முறையும் கேட்க வேண்டும். இடுப்புவலி படுத்திருப்பவளிடம் தெரியாது. காலை ஊன்றும்போதுதான் தெரியும்.

மணிக்கட்டு எலும்பு வைத்தவர் எழுதியது:

நான் பெரியவன், வேறு காரணத்துக்காக எனக்கும் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்தார்கள். கீழே விழுந்ததில் மணிக்கட்டில் உள்ள சிறிய எலும்பு முறிந்து, எட்டு மாதமாகியும் கூடவில்லை. கைக்கு மட்டும் நரம்பில் மரப்பு ஊசி நன்றாகப் போட்டிருந்தார்கள். இடுப்பில் எதுவும் போடவில்லை. விழித்தபோது கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, இடுப்போ தீயாய் எரிந்தது. ஒரே உடம்பில், ஒரே நாளில், மருந்து போட்ட இடத்தையும் போடாத இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: இடுப்பில் மருந்து வைப்போம் என்று மருத்துவர் அவராகவே சொல்லியிருக்கிறார் என்றால், அம்மா, உங்கள் பெண் நல்ல இடத்தில்தான் இருக்கிறாள்.

கரூர் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மருத்துவமனைக்குப் போயிருந்தோம். இந்த முறை கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துப்போனேன். மயக்கவியல் மருத்துவரையும் தனியாகப் பார்த்துப் பேசினேன். கீறுவதற்கு முன் ஊசியாகவும், தைப்பதற்கு முன் பஞ்சில் நனைத்தும் மருந்து வைப்பதாகவும், வாயில் போடும் ஊசியையும் சேர்த்தே கணக்கிடுவதாகவும் சொன்னார். கொழுப்புக் குழம்பு இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, எழுந்து என்னைக் கூட்டிப்போய், தியேட்டர் வாசலில் இருந்த அவசர மருந்து வண்டியின் இரண்டாவது தட்டில் வெள்ளை நிறத்தில் இருந்த அந்தப் பையைக் காட்டினார்.

பகல் பன்னிரண்டு மணிக்குள் சிகிச்சை முடிந்துவிட்டால், மாலை நான்கு மணிக்கு, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் சிரப்பைத் தொடங்கி, இரவு பத்து மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் எழுப்பிக் கொடுக்க வேண்டும் என்று நோயாளிக் குறிப்பிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். டிரமடால் எழுத மாட்டோம் என்றும், ஐபுபுரூஃபெனை அறுவை மருத்துவரிடம் கேட்டுத் தேவைப்பட்டால் மட்டும் சேர்ப்போம் என்றும் சொன்னார்கள்.

ஆறு முகங்கள் உள்ள அட்டையை வீட்டுக்கே வாங்கி வந்துவிட்டேன். மகள் அதைப் பார்த்துவிட்டு, நேற்று கணக்குத் தேர்வு எழுதும்போது தனக்கு நான்காவது முகம் இருந்ததாகச் சொன்னாள். வரும் வியாழக்கிழமை அனுமதிக்கிறார்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த இரண்டு பருத்திக் கவுன்கள் தைக்கக் கொடுத்திருக்கிறேன், நாற்காலிக்கும் சொல்லிவிட்டேன்.

திண்டுக்கல் அப்பா எழுதியது:

நல்லது சகோதரி. விடியற்காலை நான்கு மணிக்கு உங்கள் கைப்பேசியிலும் அலாரம் வைத்துவிடுங்கள். குறிப்பில் எழுதியிருந்தாலும் நீங்களும் விழித்திருங்கள். வெள்ளிக்கிழமை எப்படி இருக்கிறாள் என்று எழுதுங்கள், காத்திருப்போம்.